கடைசி இலக்கம்

நரின் மலைப் பக்கம், நவம்பர், கெட்டிலில் பாதித் தண்ணீர்.
ஆயிரத்துச் சொச்சம் வாக்குப் படிவங்கள்,
எல்லாம் கைபேசியில் பிடித்த படங்கள்.
ஒன்றில் யாருடைய கட்டைவிரலோ,
ஒன்றில் ரொட்டித் துணுக்கு,
ஒன்று தலைகீழ்.
தோற்ற வேட்பாளரின் ஆள் பெக்சுல்தான்
பென்டிரைவை மேசையில் வைத்தார்.
"திருடிவிட்டார்கள், புருல்கான்.
எங்கே என்று மட்டும் சொல்."

எங்கே என்பது எனக்குத் தெரியாது.
திருடினார்களா என்பதும்.
அதைச் சொல்ல நேரமில்லை,
மின்சாரம் போவதற்குள் தட்டச்சு செய்தாக வேண்டும்.

நூற்றுக்கு நூறு பதிவான சாவடி ஒன்று இருந்தது,
முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தெட்டு ஓட்டு.
"மாட்டினார்கள்!" என்று துள்ளினார்.
ஜீப்பில் ஏழு மணி நேரம்; இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம்.
சாவடி அதிகாரி சைகால்
ஆட்டுப்பட்டிக்குள்ளிருந்தே பதில் சொன்னாள்:
ஓட்டுப்பெட்டி வந்த வண்டியில்தான்
ஆட்டுக்கு ஊசி போடுபவரும் வந்தாராம்.
"ஊசிக்கு வராமல் எவன் இருப்பான்?
வந்தவன் ஓட்டையும் போட்டுவிட்டுப் போனான்."
பதிவேட்டில் முப்பத்தெட்டுக் கையெழுத்து,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல்.
திரும்பும் வழியெல்லாம் பெக்சுல்தான் பேசவில்லை.

நிஜமாய் எண்ணிய எண்ணுக்கு வெட்கம் கிடையாது.
முந்நூறு என்று முடியும்,
நூற்றுப் பதினொன்று என்று அசட்டுத்தனமாய் நிற்கும்.
மனசிலிருந்து எடுத்த எண் கூச்சப்படும்.
சைபரைத் தொடாது,
ஒரே இலக்கத்தை அடுத்தடுத்து எழுதாது,
ஏழாம் எண்ணில் போய்ப் போய் உட்காரும்.

ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது அறை.
அறுபத்திரண்டு சதவீதம், அறுபத்துநான்கு, அறுபத்துமூன்று.
யாரும் திரும்பிப் பார்க்காத நல்ல பிள்ளை.
படிவங்களில் நூற்று அறுபத்திரண்டு எண்கள்;
பதினாறாவது சைபரில் முடிந்திருக்க வேண்டும், கூடக்குறைய.
முடிந்தவை இரண்டு.
படங்களைப் பெரிதாக்கினேன்.
ஏழுகளின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு,
கோட்டின் நுனியில் சின்னக் கொக்கி.

அந்தக் கொக்கியை எனக்குத் தெரியும்.
டொக்தொசுன். ஆறாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சு.
என் கணக்கைப் பார்த்தெழுதி,
மாட்டாமலிருக்க ஒரே ஒரு எண்ணை மாற்றி வைத்து,
அதனாலேயே முட்டை வாங்குவான்.
இப்போது அதே பள்ளியில் துணைத் தலைமையாசிரியர்.

சந்தேகம் சாட்சி ஆகாது.
கொக்கியும் ஆகாது.
நீதிமன்ற உத்தரவோடு போய்க் கையெழுத்துகளை எண்ணினோம்,
இரண்டு முறை,
இரு கட்சிக்காரர்களின் மூச்சும் பிடரியில் பட.
பெட்டியில் இருந்த ஓட்டுக்கு
நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து குறைந்தது.

ஜெயித்தவர் ஜெயித்த வித்தியாசம்
மூவாயிரத்து முந்நூற்று ஆறு.

"நானூற்றுப் பன்னிரண்டா?" என்றார் பெக்சுல்தான்.
"பின்னால் ஒரு சைபர் சேர்க்க முடியாதா?"
விளையாட்டாகத்தான் கேட்டார்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து போன்:
"நானூறெல்லாம் எழுத்துப்பிழை, அக்கா.
அதற்குப் போய் ஒரு பக்கமா?"

அறிக்கையில் இரண்டே வாக்கியம் மிச்சம்.
கள்ள ஓட்டு விழுந்திருக்கிறது.
முடிவு மாறவில்லை.
நடுவில் 'ஆனால்' போடுவதா 'இருந்தும்' போடுவதா என்று
ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
முற்றுப்புள்ளி போட்டேன்.
இரு தரப்புமே எனக்குப் பணம் தந்தது யார் என்று
பேப்பரில் கேட்டார்கள்.

டொக்தொசுன் நள்ளிரவில் கூப்பிட்டான்.
"எப்படித் தெரிந்தது?"
சைபர் போட மறந்துவிட்டாய் என்றேன்.
"எனக்கு எப்போதுமே பிடிக்காத எண்" என்றான்.
சிரிப்பு வரப் பார்த்தது இருவருக்கும்.

யார் எழுதச் சொன்னார்கள், டொக்தொசுன்?

மறுமுனையில் மூச்சு மட்டும்.
பழக்கதோஷம், எண்ணினேன்.
பதினொன்று வரை வந்தது.